பத்துப் பேருக்கு ஒரு புரொப்பெல்லர்

மே 11, சனி

இன்று படகு வாங்கினேன். படகு வைத்திருப்பவன் பதிவேடும் வைத்திருக்க வேண்டும் என்று எங்கோ வாசித்த ஞாபகம். ஆகவே இந்தக் கொப்பி.

தலைவர்: தர்மகுலசிங்கம், வயது அறுபது. ரொறொன்ரோவில் இருபத்தேழு வருடம் நகரப் பேருந்து ஓட்டி, மார்ச் மாதம் ஓய்வு பெற்றவர். படகு: பொன்டூன். இரண்டு நீளமான அலுமினியக் குழாய்கள் தண்ணீரில் மிதக்க, அவற்றின் மேல் ஒரு மேடை. மேடையைச் சுற்றி வேலி, உள்ளே சோபா மாதிரி இருக்கைகள், மேலே கூடாரத் துணி. யாரோ தங்கள் வரவேற்பறையைத் தண்ணீரில் தள்ளிவிட்டது போலிருக்கும். பின்னால் நாற்பது குதிரைவலு மோட்டார். பத்துப் பேர் ஏறலாம் என்று தகட்டில் அடித்திருக்கிறது. அது நிற்பது எங்கள் வீட்டிலிருந்து இரண்டரை மணித்தியாலம் வடக்கே ஓர் ஏரியில். அந்த ஏரியின் ஆங்கிலப் பெயர் என் வாயில் நுழையாததால் மூன்று வாத்து ஏரி என்று நானே வைத்துக்கொண்டேன். அன்று மூன்று வாத்து நின்றன.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சிவமலர் அடுப்பை அணைத்தாள்.

“போட்டோ?”

“ஓம்.”

“நீங்களோ?”

“ஏன், நான் வாங்கக் கூடாதோ?”

என் மனைவி கனநேரம் என்னையே பார்த்தாள். பிறகு, “பத்து லைஃப் ஜாக்கெட் இருக்கோ?” என்றாள்.

“பன்னிரண்டு வாங்கிட்டன்.”

“ரெண்டு ஏன் கூட?”

“ஒண்டு நனைஞ்சா மாத்திப் போட.”

அவள் திரும்பவும் அடுப்பை மூட்டினாள்.

மே 25, சனி

வெள்ளோட்டம். படகுத்துறையை நடத்துபவள் டெனிஸ் என்ற மெக்கானிக். ஐம்பது வயதிருக்கும். கையில் எப்போதும் எண்ணெய்க் கறை, வாயில் அநேகமாக ஒன்றுமில்லை. அவள் என்னோடு ஏறி எல்லாவற்றையும் காட்டினாள். மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் முள் ஒன்று இருக்கிறது. முழுவேகத்தில் அது ஐயாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் இடையில் நிற்க வேண்டுமாம். நாங்கள் இருவரும் போனபோது 5,400. அபாரம்.

முதுகுவலிக்கு இதமாக இருந்தபடியால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாமலே வீடுவரை கார் ஓட்டி வந்தேன்.

ஜூன் 1, சனி

குடும்பத்தோடு முதற் பயணம். நான், சிவமலர், மகள் ஆதிரை. சிவமலரின் தமையன் பேரின்பநாதன், அவர் மனைவி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். மொத்தம் ஒன்பது. அதோடு இரண்டு குளிர்ப்பெட்டி, ஒரு பானை ஆட்டிறைச்சிக் கறி, நூற்றிருபது இடியப்பம்.

பேரின்பத்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காப்புறுதி முகவர். எதைப் பற்றியும் கருத்து வைத்திருப்பவர். நான் சிவமலருக்குத் தாலி கட்டியபோது பின்னால் நின்று “முடிச்சு இறுகேல்லை” என்றவர்.

வேகம் கூட்டும் விசைக்கோலை முழுதாகத் தள்ளினேன். மோட்டார் முக்கியது. முள் 4,300இல் ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கரையோரமாக ஒரு வயோதிபத் தம்பதி சிறு வள்ளம் வலித்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் ஒரு நாய். முதலில் எங்களுக்குப் பின்னால் வந்தார்கள். பிறகு பக்கத்தில். பிறகு அந்த நாய் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

“மச்சான், இது ஓடுதோ நிக்குதோ?” என்றார் பேரின்பத்தார்.

“ஓடுது.”

“அந்தப் பைன் மரம் கனநேரமா எங்களுக்குப் பக்கத்திலையே நிக்குது. அதுவும் எங்களோட வருகுதோ?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆதிரைகூட. சிவமலர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுக்கானைச் சற்று இறுக்கிப் பிடித்திருந்தேன் போலும். நல்ல ஓட்டுநர் அப்படித்தான் பிடிப்பான்.

ஜூன் 3, திங்கள்

இரண்டு நாள் ஆராய்ச்சி செய்தேன். பழி மோட்டாரில் இல்லை, புரொப்பெல்லரில். தண்ணீருக்குள் சுழலும் அந்த மூன்று இதழ் விசிறியின் நடுக்குமிழில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது விட்டம். இரண்டாவதைப் ‘பிட்ச்’ என்கிறார்கள். பலகைக்குள் திருகாணி இறங்குவது போல, ஒரு சுற்றுக்கு அது எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. என்னுடையது பதின்மூன்று. ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று அங்குலம். அப்படியானால் பதினைந்தைப் போட்டால்? சிறுபிள்ளைக்கும் விளங்கும்.

இருந்தாலும் இணையத்தில் படகுக்காரர் குழு ஒன்றில் கேட்டேன். நாற்பத்தொரு பதில் வந்தது. நாற்பது பேர் பத்து, பதினொன்று என்று சின்ன எண்களாகச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் பதினைந்து என்றார். எழுதிய விதத்திலேயே அவர் அனுபவசாலி என்று தெரிந்தது.

ஜூன் 8, சனி

பதினைந்து பூட்டியாயிற்று. டெனிஸ் பூட்டி முடித்துவிட்டு, “உன் படகு” என்றாள். அவ்வளவுதான்.

தனியே ஓடிப் பார்த்தேன். தொலைபேசி காட்டிய வேகம் முன்பைவிட மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் கூட. முள் 4,900. ஐயாயிரத்துக்குக் கீழே நிற்கக் கூடாது என்றாள் டெனிஸ். நூறு சுழற்சிக்காக மனிதர் இப்படிக் கவலைப்பட்டால் உலகத்தில் ஒரு வேலையும் நடக்காது.

ஜூன் 15, சனி

நாங்கள் மூவர் மட்டும் போனோம். 4,600. எதிர்க்காற்று.

ஜூன் 16, ஞாயிறு

காற்றே இல்லை. 4,600. முள் பழுது.

ஜூன் 22, சனி

சிவமலர் குசினியில் வெங்காயம் உரித்தபடி கேட்டாள்:

“ஊரிலை லொறி ஓட்டேக்கை, ஏத்தத்திலை என்ன கியர் போடுவியள்?”

“சின்னக் கியர்.”

“பாரம் கூடினா?”

“இன்னும் சின்னன். ஏன் கேக்கிறீர்?”

“உந்தப் பதினைஞ்சு, ரொப் கியர். வெறும் றோட்டிலை நல்லா ஓடும். பத்துப் பேரை ஏத்திக்கொண்டு மேட்டிலை ஏற ஏலாது. ஓடுறது வேறை, தள்ளுறது வேறை. உங்களுக்குச் சின்னப் பிட்ச்தான் வேணும்.”

சிவமலர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவள். கடைசி வருடப் பரீட்சை எழுதவில்லை. பரீட்சை எழுதுகிற காலமாக அது இருக்கவில்லை. இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு மூடி போட்டாள்.

நான் வெங்காயத் தோலை அள்ளிக் குப்பையில் போட்டேன். எனக்குத் தெரியாத விடயமல்ல இது. ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை ஒருவர் வெங்காயம் உரித்தபடி சொல்லும்போது கண் எரிகிறது.

ஜூலை 13, சனி

காலையில் காரின் பின்பக்கம் மூன்று நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் கிடந்தன. கோயில் மடைப்பள்ளியில் சிவமலர் இரவல் வாங்கியதாம். பக்கத்தில் ஒரு பெட்டி. அதற்குள் புதிய புரொப்பெல்லர், நான்கு இதழ், பிட்ச் பத்து. டெனிஸ்தான் எடுப்பித்துக் கொடுத்தாள். அவர்கள் இருவரும் தொலைபேசியில் கதைத்துக்கொள்வது எனக்கு இன்றுதான் தெரியும்.

“பாரத்தோட பாத்தால்தான் சரியா வரும்” என்று சொல்லிவிட்டு, பீப்பாய்களை மேடையில் நிறுத்தி வாளியால் ஏரித் தண்ணீரை அள்ளி நிரப்பத் தொடங்கினாள். மேடையின் நடுவில் நின்று வாளிகளை எண்ணும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

“அறுநூறு லீற்றர், அறுநூறு கிலோ. எட்டுப் பேர்” என்றாள். “அண்ணையை ஒண்டரை ஆளாக் கணக்கெடுத்தனான்.”

படகில் பாதுகாப்பு விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே பீப்பாய்களுக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டினேன். டெனிஸ் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பாரத்தோடு பதினைந்து 3,850ஐத் தாண்டவில்லை. பழைய பதின்மூன்று 4,300. பத்தைப் பூட்டி விசைக்கோலைத் தள்ளியதும் படகு முதுகை நிமிர்த்தியது. முள் தடங்கலில்லாமல் ஏறி 5,050இல் நின்றது. சிவமலர் ஒரு பாடசாலைக் கொப்பியில் கோடு போட்டு எல்லாவற்றையும் எழுதினாள். அவளுடைய எண்கள் அழகானவை. எனக்கு அது மறந்துபோயிருந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணீரை ஊற்றிவிட்டுத் தனியே ஓடிப் பார்த்தபோது, பத்தின் வேகம் பதினைந்தைவிட மணிக்கு மூன்று கிலோமீற்றர் குறைவு. மூன்று! அதையும் அவள் எழுதினாள். அடிக்கோடு மட்டும் போடவில்லை.

பத்தே படகில் இருக்கட்டும் என்று இரண்டு பெண்களும் முடிவு செய்தார்கள். நான் ஆட்சேபிக்கவில்லை. யோசிப்பதாகச் சொன்னேன்.

ஜூலை 20, சனி

காரில் திரும்பி வரும்போது சிவமலர் கேட்டாள்: “கிளாலியை நினைச்சுத்தானே உந்த வேகம், வேகம் எண்டுறியள்?”

நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன். காலநிலை அறிக்கை முக்கியமானது.

பதிவுக்காக மட்டும் எழுதுகிறேன். 1993இல், சண்டைக் காலத்தில், நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு இரவில் கிளாலிக் கடலேரியைக் கடந்து வந்தோம். கலியாணம் முடித்து ஐந்து மாதம். எங்கள் வள்ளத்தில் பதினாறு பேர். முன்னால் மோட்டார் பூட்டிய ஒரு வள்ளம் எங்களைக் கயிற்றில் கட்டி இழுத்தது. நடுவழியில் அந்த மோட்டார் நின்றுவிட்டது. முக்கால் மணித்தியாலம். எங்கள் வள்ளத்துக்குள் தண்ணீர் வந்தது. சிவமலர் பால்மாப் பேணியால் இறைத்தாள். நான் என்ன செய்தேன் என்பது ஞாபகமில்லை.

இதற்கும் புரொப்பெல்லருக்கும் சம்பந்தமில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நேற்றுப் பேரின்பத்தார் தொலைபேசியில் எடுத்தார். நாளை பயணத்துக்குத் தன் நண்பர் விக்கினராசாவையும் அழைத்து வருகிறாராம். “அவரின்ரை போட் நாப்பதிலை போகும் மச்சான். நாளைக்கு ஒருக்கா ஓடிக் காட்டுமன் பாப்பம்.”

இன்று எனக்கு வடக்கே வேறு ஒரு வேலை இருந்தது. அந்த வேலை படகுத்துறைக்குப் பக்கத்தில். டெனிஸ் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தாள். மோட்டாரைத் தூக்கி நிறுத்தி, துறைப் பலகையில் குப்புறப் படுத்து, பத்தைக் கழற்றிப் பதினைந்தைப் பூட்டினேன். இரண்டு லைஃப் ஜாக்கெட் அணிந்தபடி குப்புறப் படுப்பது சுலபமல்ல. ஆமை கவிழ்ந்தது போல ஆட்டம் காட்டும். மரை கழன்றுவிடாதிருக்கக் குறுக்கே செருகும் ஊசியை, இனி எவராலும் கழற்ற முடியாதபடி வளைத்துவிட்டேன்.

பத்தை வீட்டுக்குக் கொண்டு போனால் கேள்வி வரும். பெட்டியோடு, மரை திருப்பும் சாவி, குறடு, கட்டை, மிச்ச ஊசிகளோடு, பின் இருக்கையின் கீழ் வைத்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்துப் பேர். வழமையான ஒன்பதோடு விக்கினராசா. அவர் ஏறியதிலிருந்து வேலியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பின்காற்று. படகு வழுக்கிக்கொண்டு போனது. “பரவாயில்லை மச்சான்” என்றார் பேரின்பத்தார். முப்பத்தொரு வருடத்தில் அவர் வாயால் எனக்குக் கிடைத்த முதற் சான்றிதழ்.

சிவமலர் என் தோளுக்குப் பின்னால் வந்து முள்ளைப் பார்த்தாள். அது 4,000 காட்டியது.

“இது பத்தோ?”

“ம்” என்றேன். ‘ம்’ என்பது ஆம் என்று ஆகாது. தமிழில் அதற்குப் பல பொருள் உண்டு.

ஏரியின் கிழக்கு முனையில் நங்கூரமிட்டுச் சாப்பிட்டோம். இரண்டு மணிக்கு மேற்கு வானம் கத்தரிக்காய் நிறமானது. காற்று பலமாக அடிக்கத் தொடங்கியது. புறப்பட்டோம். இப்போது துறை இரண்டு கிலோமீற்றர் தூரத்தில், காற்றுக்கு நேர் எதிரே. முழு விசை கொடுத்தேன். மோட்டார் இருமியது. முள் 3,700. அலைகள் முன் குழாய்களில் மோதி மேடைக்கு மேல் தெறித்தன. பிள்ளைகள் இருவரும் அழுதுகொண்டு தகப்பனின் கழுத்தில் தொங்கினார்கள்.

கரையில் ஒரு காய்ந்த மரம் நின்றது. அதைக் குறியாக வைத்துக்கொண்டேன். முதலில் அது எங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் முன்னால் இருந்தது.

“மச்சான்,” என்றார் பேரின்பத்தார். இந்த முறை அவர் பகிடி விடவில்லை. “நாங்கள் பின்னாலை போறம்.”

பின்னால் இருந்தது கறுத்தப் பாறைக் கரை.

நான் விக்கினராசாவைப் பார்த்தேன். “உங்கடை போட்டிலை உப்பிடி வந்தா என்ன செய்வியள்?”

“என்ரை போட் கராஜிலை நிக்குது” என்றார் அவர். “இன்னும் தண்ணியிலை விடேல்லை. நாப்பது எண்டது புத்தகத்திலை போட்டிருக்கிறது.”

ஆதிரை தொலைபேசியில் பார்த்து, இடிமின்னல் வர இன்னும் ஒரு மணித்தியாலம்தான் என்றாள். டெனிஸைக் கூப்பிட்டோம். இன்னும் இரண்டு படகுகள் அந்தரப்படுகின்றனவாம், ஒன்றரை மணித்தியாலம் ஆகும் என்றாள்.

அப்போது சிவமலர் எழுந்தாள். அவள் குரல் உயரவில்லை.

“ஆதிரை, கூடாரத் துணியை மடக்கு, காத்துப் பிடிக்குது. எல்லாரும் நடுவுக்கு வாங்கோ. இஞ்சருங்கோ, அந்தச் சின்னத் தீவுக்குப் பின்னாலை விடுங்கோ.”

விட்டேன். தீவு காற்றை மறித்தது. மணல் தரை, இடுப்பளவு தண்ணீர். ஆதிரை நங்கூரம் போட்டாள்.

“இப்ப சொல்லுங்கோ,” என்றாள் சிவமலர், “பத்து எங்கை?”

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

“மச்சான், கொஞ்சம் எழும்புங்கோ” என்றேன்.

“ஏன்?”

“நீங்கள் அதுக்கு மேலைதான் இருக்கிறியள்.”

பேரின்பத்தார் எழுந்தார். பெட்டியை எடுத்தேன். சிவமலர் செருப்பைக் கழற்றினாள், ஏணிப்பக்கம் போனாள், ஏணியில் இறங்காமல் அப்படியே தண்ணீருக்குள் குதித்தாள். அவள் ஆழமான பக்கமாக நாலு கை வீசி நீந்திப்போய், திரும்பி வந்து, மணலில் எழுந்து நின்று முகத்தைத் துடைத்தாள்.

“எப்ப பழகினனீர்?”

“நீங்கள் போட் வாங்கின அடுத்த கிழமை. நகரசபைத் தடாகத்திலை, செவ்வாய்க்கிழமையளிலை.”

“கோயிலுக்குப் போறதெண்டல்லோ சொன்னனீர்?”

“கோயிலுக்கும் போனனான்.”

“எனக்கேன் சொல்லேல்லை?”

“உங்களுக்கு நீந்தத் தெரியாதெண்டு நீங்கள் எனக்குச் சொன்னனீங்களோ?”

நான் பெட்டியைத் திறந்தேன்.

“தண்ணிக்குள்ளை ஒராள் காணாது,” என்றாள். “ஒராள் கட்டை வைச்சுப் பிடிக்க வேணும், ஒராள் மரையைத் திருப்ப வேணும்.”

பேரின்பத்தாரின் மகன் பிள்ளைகளைக் கழுத்திலிருந்து பிரிக்கப் பார்த்தபடி, “மாமா, நான் இறங்கட்டோ?” என்றான். நல்ல பிள்ளை.

“வேண்டாம் தம்பி. அந்த ஊசியை வளைச்சது நான். அது எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கெண்டு எனக்குத்தான் தெரியும்” என்று யாரோ சொன்னது கேட்டது. என் குரல்தான்.

மோட்டாரை நிறுத்தித் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டு, சாவியை உருவி, ஏணியில் இறங்கினேன். இரண்டாம் படியில் நின்று நீரின் வெப்பநிலையைச் சிறிது நேரம் ஆராய்ந்தேன். ஏழு நிமிடம் என்கிறாள் ஆதிரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிவமலர் கீழே நின்று காத்திருந்தாள். கை நீட்டவில்லை. கை நீட்டியிருந்தால் நான் மேலே ஏறியிருப்பேன்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பிறகு தொடைக்கு. பிறகு கால் மணலைத் தொட்டது. குனிந்ததும் லைஃப் ஜாக்கெட் காதுவரை எழும்பியது. கால்கள் நடுங்கின, ஏனென்றால் தண்ணீர் குளிர்.

ஊசி அசையவில்லை. என் கைவண்ணம். குறட்டால் நெருட, நெருட, மூன்றாம் தரத்தில் ஒரு கால் நிமிர்ந்தது. நான் மரக்கட்டையை இதழுக்குள் கொடுத்து அணைத்துப் பிடிக்க, சிவமலர் மரையைத் திருப்பினாள். பதினைந்து கழன்று கையில் வந்தது. அதைப் பேரின்பத்தாரிடம் நீட்டினேன். அவர் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். பத்தை ஏற்றினோம். மரை என் விரலிலிருந்து நழுவியது. தண்ணீரைத் தொடுமுன் சிவமலர் ஏந்திவிட்டாள். புது ஊசியை அவள் பல்லில் கடித்து வைத்திருந்தபடியால் என்னை ஏச முடியவில்லை. கண்ணால் ஏசினாள்.

எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் நின்றோம் என்று தெரியாது. பஸ் ஓட்டிய காலம் முதல், நேரம் பார்க்காமல் நான் ஒரு வேலையும் செய்ததில்லை.

ஏறினோம். “நீங்கள் ஓட்டுங்கோ, நான் அலையைப் பாத்துச் சொல்லுறன்” என்றாள். தீவைச் சுற்றி வெளியே வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. விசைக்கோலைத் தள்ளினேன். முள் ஏறியது. 4,200. 4,600. 4,900. படகு அலைக்குள் தோளைக் கொடுத்துத் தள்ளத் தொடங்கியது. வேகமில்லை, காய்ந்த மரம் மெல்ல, மிக மெல்ல, பின்னால் போனது. “கொஞ்சம் இடக்கை. ஓம். இப்பிடியே. குறைக்காதேங்கோ.” பின்னால் பேரின்பத்தார் தேவாரம் பாடினார். சுருதி சேரவில்லை, ஆனால் ஒருவரும் குறை சொல்லவில்லை.

துறையில் பத்துப் பேரையும் எண்ணி இறக்கினேன். இரண்டு தரம் எண்ணினேன். கடைசி ஆள் கூரைக்குக் கீழே போக, முதல் இடி இடித்தது.

பிறகு துறைப் பலகையில் இருந்தேன். எழும்ப முடியவில்லை. முதுகுவலி என்று எழுதலாம். அது முதுகுவலி அல்ல.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பேரின்பத்தார் எடுத்தார். எங்கள் பகுதியான ஸ்காபரோ முழுக்கக் கதை பரவிவிட்டது. அவர் சொல்லும் கதையில் அவர்தான் புரொப்பெல்லரைப் பாதுகாத்தவர்.

“நான் அதுக்கு மேலை இருந்தபடியால்தானே மச்சான் அது காத்திலை போகேல்லை?”

“ஓம் மச்சான்.”

“நல்ல முடிச்சுத்தான்” என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 10, சனி

நாங்கள் இருவர் மட்டும் போனோம். காற்றில்லை. நடு ஏரியில் மோட்டாரை நிறுத்தினேன். நானாகத்தான் நிறுத்தினேன்.

“அண்டைக்கு ‘ம்’ எண்டனான்.”

“தெரியும்.”

“எப்பிடி?”

“முள்ளைப் பாத்தனான். பத்தெண்டா அஞ்சாயிரத்துக்குக் கிட்ட நிண்டிருக்கும்.”

“அப்ப ஏன் பேசேல்லை?”

“அண்ணைக்கு முன்னாலையோ?” என்றாள்.

படகு தன்பாட்டில் மெல்லத் திரும்பியது.

“கிளாலியிலை, நீர் இறைக்கேக்கை, நான் என்ன செய்துகொண்டிருந்தனான்?”

அவள் உடனே சொன்னாள். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. “என்ரை சட்டையைப் பின்னாலை பிடிச்சுக்கொண்டிருந்தீங்கள். நான் வெளியிலை குனிஞ்சு குனிஞ்சு ஊத்தினனான்தானே. விழாமல்.”

“விழாமல் பிடிச்சனானோ, பயத்திலை பிடிச்சனானோ?”

“ரெண்டும்தான்,” என்றாள் சிவமலர். “சட்டை கிழிஞ்சு போச்சு.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் கண் தெரியவில்லை. பக்கத்தில் வெங்காயம் எதுவும் இருக்கவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

எங்களுக்கு இரண்டு இடம் தள்ளி வோல்டர் என்ற கிழவர் புதிதாகப் பொன்டூன் ஒன்றைக் கட்டியிருக்கிறார். காலையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

“தனியே போனால் பறக்கிறது, குடும்பத்தோடு போனால் ஊர்கிறது. புரொப்பெல்லரை மாற்ற வேண்டுமா? உங்களைக் கேட்கச் சொன்னாள் டெனிஸ்.”

ஆங்கிலத்தில் ‘உங்களை’ என்றால் ஒருவரா இருவரா என்று தெரியாது. நான் தொண்டையைச் செருமினேன். திருகாணியிலிருந்து தொடங்கி, பிட்ச் என்றால் என்னவென்று விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு, “ஒரு நிமிடம்” என்று சொல்லிவிட்டுச் சிவமலரைக் கூப்பிட்டேன்.

அவள் கையைத் துடைத்தபடி வந்தாள். வோல்டர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். வேகம், எரிபொருள், மோட்டாரின் வயது எல்லாம் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்:

“எத்தனை பேர் ஏறுவார்கள்?”

வோல்டர் விரல்களை மடக்கி எண்ணினார். இரண்டு மகள்மார், மருமக்கள், பேரப்பிள்ளைகள் மூவர். எண்ணி முடித்துத் தன்னையும் சேர்த்தபோது அவர் முகம் ஒரு மாதிரி மலர்ந்தது. “எட்டு.”

“இப்போது போட்டிருப்பது எத்தனையாம் இலக்கம்?”

அவருக்குத் தெரியாது. இலக்கம் நடுக்குமிழில் பொறித்திருக்கும். ஆனால் அவருடைய மோட்டாரைத் தூக்குகிற பொத்தான் பழுது. மோட்டார் தண்ணீருக்குள்ளேயே நின்றது. யாராவது இறங்கி, தலையை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் நெஞ்சளவு தண்ணீர்.

வோல்டர் என்னைப் பார்த்தார். சிவமலர் வேறெங்கோ பார்ப்பது போல நின்றாள்.

நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன்.